விளம்பரம் முடிந்தது, படம் எங்கே? பிளேயர் டைம்லைனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

40 நிமிட எபிசோட் ஒன்று. 10-ஆவது நிமிடத்தில் 60 வினாடி விளம்பரம், 25-ஆவது நிமிடத்தில் 90 வினாடி விளம்பரம். எபிசோடின் நீளம் என்ன என்று எடிட்டரைக் கேட்டால் 40 நிமிடம் என்பார். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது 42 நிமிடம் 30 வினாடி. இருவர் சொல்வதும் சரிதான். வீடியோவை ஓட்டும் பிளேயருக்குக் கோடு எழுதுகிறவர் எந்த இடத்தில் யாருடைய கணக்கை எடுத்துக்கொள்கிறார் என்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. எடிட்டரின் கணக்கை முதன்மை நேரம் என்றும், பார்ப்பவரின் கணக்கை மொத்த நேரம் என்றும் வைத்துக்கொள்வோம். படத்தின் நடுவே ஓடும் விளம்பர இடைச்செருகல்களில் நான் பார்க்கும் பக்குகளில் (கோடின் பிழைகளில்) பெரும்பாலானவை இந்த இரண்டும் கலந்துபோனதால் வருபவை.

பழைய முறையில் சர்வரே விளம்பரத்தின் துண்டுகளைப் படத்தின் பிளேலிஸ்டுக்குள் (சில வினாடி நீள வீடியோத் துண்டுகளின் வரிசைப் பட்டியலுக்குள்) தைத்து அனுப்பிவிடும். ஹெச்எல்எஸ் என்பது வீடியோவை இணையம் வழியே துண்டுதுண்டாக அனுப்பும் ஆப்பிளின் முறை; அதில் 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த இன்டர்ஸ்டிஷியல் (இடைச்செருகல்) முறை வேறு மாதிரி. படத்தின் பிளேலிஸ்ட் அப்படியே இருக்கும்; அதில் ஒரு டேட்ரேஞ்ச் வரி மட்டும் சேரும். 'இந்த நேரத்தில் நிறுத்து, இந்த முகவரியில் உள்ளதை ஓட்டு, முடிந்ததும் இங்கே திரும்பி வா' என்பதுதான் அந்த வரி சொல்வது. ஹெச்எல்எஸ் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும், 2017-இல் வெளியான ஆர்எஃப்சி 8216 ஆவணத்தில் இது கிடையாது. பிறகு வந்த திருத்த வரைவில்தான் சேர்ந்தது. இப்போது பிரவுசருக்கான ஹெச்எல்எஸ்.ஜேஎஸ் 1.6, ஆண்ட்ராய்டின் மீடியா3 ஆகிய பிளேயர் நூலகங்களும் இதைப் புரிந்துகொள்கின்றன.

எந்த நேரத்தைச் சேமிப்பது?

'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்ற வசதி இல்லாத ஆப் இன்று இல்லை. மேலே சொன்ன எபிசோடை ஒருவர் பார்க்கிறார். பிராக்ரஸ் பாரில் 30:00 என்று காட்டும்போது மூடிவிடுகிறார். அந்த 30 நிமிடத்தில் இரண்டரை நிமிடம் விளம்பரம். ஆகவே அவர் படத்தில் பார்த்தது 27:30 வரைதான். ஆப் 1800 வினாடி என்று சேமித்துவிட்டு, மறுநாள் அதையே முதன்மை நேரமாக எடுத்து சீக் செய்தால் (அந்த இடத்துக்குத் தாவினால்) கதையில் இரண்டரை நிமிடம் காணாமல் போகும். மொத்த நேரமாகவே எடுத்து சீக் செய்தாலும் பிழைக்க முடியாது. மறுநாள் விளம்பர சர்வர் 60 வினாடிக்குப் பதில் 30 வினாடி தரலாம், ஒன்றுமே தராமலும் போகலாம். நேற்றைய மொத்த நேரத்துக்கு இன்று அர்த்தமில்லை.

சர்வரில் சேமிக்கும் எதுவும் முதன்மை நேரத்தில்தான் இருக்க வேண்டும். புக்மார்க், அத்தியாயக் குறிகள், 'இன்ட்ரோவைத் தாண்டு' பட்டன் வரும் இடம், விரலால் இழுக்கும்போது தெரியும் சின்னப் படங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் விதி. மொத்த நேரம் திரையில் காட்டுவதற்கு மட்டும்.

ஆண்ட்ராய்டில் இதற்கு நேர் எதிரான பொறி ஒன்று உண்டு. மீடியா3-இன் பிளேயரான எக்ஸோபிளேயரில் விளம்பரம் ஓடும்போது கெட் கரன்ட் பொசிஷன் என்று கேட்டால், அது அந்த விளம்பரத்துக்குள் இருக்கும் நேரத்தைத் தரும். விளம்பரத்தின் 12-ஆவது வினாடியில் ஒருவர் ஆப்பை மூடினால் சேமிக்கப்படுவது 12. அடுத்த முறை படம் 00:12-இலிருந்து ஆரம்பிக்கும். 'பாதிப் படம் பார்த்தேன், முதலிலிருந்து ஓடுகிறது' என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. கேட்க வேண்டியது கெட் கன்டென்ட் பொசிஷன்.

திரும்பி வரும் இடத்தைச் சொல்லாமல் விடுவது

டேட்ரேஞ்ச் வரியில் எக்ஸ்-ரெஸ்யூம்-ஆஃப்செட் என்று ஒரு பண்பு உண்டு. விளம்பரம் முடிந்ததும் படம் எங்கிருந்து தொடர வேண்டும் என்பதை, நிறுத்திய இடத்திலிருந்து எத்தனை வினாடி என்று அது சொல்லும். விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டுமானால் 0. பலர் இதை எழுதுவதே இல்லை. எழுதாவிட்டால் 0 என்று தாமாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில், எழுதாவிட்டால் விளம்பரம் ஓடிய நேரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் படம் முன்னே தாண்டிவிடும். 60 வினாடி விளம்பரம் ஓடினால் 60 வினாடி படம் போயிற்று.

இப்படி வைத்ததற்குக் காரணம் நேரலை. கிரிக்கெட் மேட்சில் ஓவர் முடிந்து விளம்பரம் ஓடும்போது மைதானம் நிற்பதில்லை. திரும்பி வரும்போது நேரலையின் நடப்பு இடத்தோடு ஒட்டியே இருக்க வேண்டும். அதற்கு இந்த இயல்புநிலை கச்சிதம். பதிவு செய்த படத்துக்கு அதுவே வினை. டெஸ்ட் செய்பவர்கள் ஐந்து வினாடி மாதிரி விளம்பரத்தை வைத்துப் பார்ப்பதால் தாண்டுவது கண்ணுக்குப் படாமலே போய்விடுகிறது. ஓரத்தில் வினாடி எண் ஓடும் வீடியோவை முதன்மைப் படமாக வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

நேரலையில் தவறு மறுபக்கமாக நடக்கும். பழக்கத்தில் 0 என்று எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு இடைவேளைக்கும் பார்வையாளர் ஒரு நிமிடம் பின்தங்கிக்கொண்டே போவார். பக்கத்து வீட்டில் விக்கெட் சத்தம் கேட்டு வெகுநேரம் கழித்துத்தான் இங்கே பந்து வீசப்படும்.

நன்றாக ஓடும் விளம்பரத்தின் மேல் சுழலும் வட்டம்

ஆப்பிளின் வீடியோ நூலகமான ஏவிஃபவுண்டேஷனில் இடைச்செருகல் ஓடும்போது முதன்மை பிளேயர் 'காத்திருக்கிறேன்' என்ற நிலைக்குப் போகும். விளம்பரத்தை ஓட்டுவது வேறொரு பிளேயர். இதை அறியாமல், 'காத்திருக்கிறது என்றால் நெட் மெதுவாக இருக்கிறது' என்று எழுதிவைத்த பழைய கோடு அப்படியே இருந்தால், விளம்பரம் அழகாக ஓடிக்கொண்டிருக்க, அதன் நடுவில் லோடிங் வட்டம் சுழலும். அதையாவது கண்ணால் பார்த்துத் திருத்திவிடலாம். அனலிட்டிக்ஸ் அந்த 60 வினாடியையும் பஃபரிங் என்று கணக்கெழுதும்; அது வெளியே தெரியாது. பிறகு யாரோ நெட்வொர்க் டீமைக் கூப்பிட்டு ஒரு வாரம் மீட்டிங் போடுவார்கள். காத்திருப்பதற்கான காரணம் என்ன என்று பிளேயரிடமே கேட்கலாம். இடைச்செருகல் என்பதற்கென்றே தனிக் காரணம் வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு இஃப் போதும்.

இழுத்துத் தாண்டும்போது

டேட்ரேஞ்ச் வரியின் எக்ஸ்-ரெஸ்ட்ரிக்ட் என்ற பண்பில் ஜம்ப், ஸ்கிப் என்று இரண்டு மதிப்புகள். ஜம்ப் என்றால் விளம்பரத்தைப் பார்க்காமல் அதற்கு முந்தைய இடத்திலிருந்து அதற்குப் பிந்தைய இடத்துக்குத் தாவ விடாதே என்று பொருள். ஸ்கிப் என்றால் விளம்பரத்துக்குள்ளேயே முன்னே ஓட்ட விடாதே. இரண்டையும் குழப்பிக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. அதைவிடப் பெரிய கோளாறு வேறு: சொந்தமாகக் கன்ட்ரோல் வரைந்தவர்கள் இந்தத் தடைகளைப் பிளேயரே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது. பட்டனும் பாரும் உங்களுடையது என்றால் தடையும் உங்கள் பொறுப்பு.

ஒருவர் 5-ஆவது நிமிடத்திலிருந்து 35-க்கு இழுக்கிறார். விளம்பரம் வருகிறது. பொறுமையாகப் பார்க்கிறார். முடிந்ததும் படம் 10-ஆவது நிமிடத்தில் தொடர்கிறது, ஏனென்றால் ரெஸ்யூம் ஆஃப்செட் 0. மறுபடி இழுக்கிறார். இப்போது அதே 10-ஆவது நிமிட விளம்பரம் திரும்ப ஓடினால் ஆப்பை நீக்கிவிட்டுப் போய்விடுவார். போக நினைத்த இடத்தை எங்காவது குறித்துவைத்து, விளம்பரம் முடிந்ததும் அங்கே கொண்டுபோய் விட வேண்டும். ஒருமுறை ஓடியது மறுபடி வரக்கூடாது என்றால் அதே வரியின் கியூ என்ற பண்பில் ஒன்ஸ் என்று போட வேண்டும். தாண்டிய வழியில் இரண்டு இடைவேளைகள் இருந்தால் இரண்டையும் காட்டுவதா? கடைசியாகத் தாண்டியதை மட்டும் காட்டுவது பல இடங்களில் வழக்கம். பின்னால் இழுப்பவருக்கு எதையுமே காட்டக் கூடாது என்பது என் கட்சி. வசனம் காதில் விழவில்லை என்று பத்து வினாடி பின்னே போனவரைத் தண்டிப்பதில் எந்த வியாபாரமும் இல்லை.

தேதியும் ஐடியும்

விளம்பரம் எப்போது என்பதை வினாடியில் சொல்வதில்லை, தேதியோடு கூடிய நேரமாகச் சொல்ல வேண்டும். ஆகவே முதன்மைப் பிளேலிஸ்டில் புரோகிராம்-டேட்-டைம் வரி இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தேதி படத்தின் எந்த இடம் என்று பிளேயருக்குத் தெரிய வழியில்லை. பழைய படத்துக்கு என்ன தேதி போடுவது என்று தயங்க வேண்டாம். 1970 ஜனவரி 1 என்று வைத்தாலும் சரிதான், புரோகிராம்-டேட்-டைம், டேட்ரேஞ்ச் இரண்டு வரிகளும் ஒரே கணக்கில் இருந்தால் போதும். ஒன்றை இந்திய நேரத்திலும் இன்னொன்றை யூடிசியிலும் (உலகப் பொது நேரத்திலும்) நேர மண்டலக் குறியைத் தவறாகப் போட்டு எழுதினால் ஐந்தரை மணி நேரம் விலகும். 40 நிமிட எபிசோடில் விளம்பரம் வரவே வராது, எந்தப் பிழைச் செய்தியும் இருக்காது.

டேட்ரேஞ்ச் வரியில் உள்ள ஐடி ஒவ்வொரு இடைவேளைக்கும் தனியாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஒரே நிகழ்வை மாற்றி மாற்றிச் சொல்வதாக ஆகிவிடும். அதேபோல் ஒரு வரியில் அசெட்-யூஆர்ஐ (ஒரே விளம்பரத்தின் முகவரி), அசெட்-லிஸ்ட் (விளம்பரப் பட்டியலின் முகவரி) இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம்.

பாரை ஒரே ஒருமுறை வரைவது

அசெட்-லிஸ்ட் சுட்டுவது ஒரு ஜேசன் கோப்பு, அதாவது தகவல்களை ஒழுங்காக அடுக்கிய உரைக் கோப்பு. எந்தெந்த விளம்பரம், ஒவ்வொன்றும் எத்தனை வினாடி என்று அதில் இருக்கும். அதைப் பிளேயர் இடைவேளை நெருங்கும்போதுதான் கேட்டு வாங்கும். அதாவது படம் தொடங்கும்போது மொத்த நீளம் யாருக்கும் தெரியாது. ஓட ஓடத்தான் தெரியவரும். ஆரம்பத்தில் ஒருமுறை நீளத்தைக் கேட்டு மாறிலியில் போட்டுவைத்துப் பார் வரைந்தவர்களுக்கு, புள்ளி கடைசியில் பாரைத் தாண்டிப் போகும் அல்லது முடிவுக்கு முன்பே நின்றுவிடும்.

ஐஓஎஸ் 18-இல் இதற்கென்றே ஒருங்கிணைந்த டைம்லைன் என்ற ஏபிஐ (கோடிலிருந்து அழைத்துப் பயன்படுத்தும் வசதி) வந்தது. அது தருவது ஒரு கணத்தின் நகல். துண்டுகள் மாறினால் நகல் காலாவதியாகிவிட்டது என்று அறிவிப்பு வரும், புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அறிவிப்பைக் கேட்காமல் பழைய நகலையே வைத்துக்கொண்டிருப்பது மேலே சொன்ன மாறிலியைவிட எந்த விதத்திலும் மேல் இல்லை. முதன்மை நேரத்தையும் மொத்த நேரத்தையும் மாற்றும் கணக்கை நீங்களே போடாமல் அந்த ஏபிஐயிடம் விடுவதும் நல்லது. டேட்ரேஞ்ச் வரியில் எக்ஸ்-ஸ்னாப் என்ற பண்பு இருந்தால் சொன்ன நேரத்தில் அல்லாமல் அருகிலுள்ள துண்டின் எல்லையில் பிளேயர் மாறும். 6 வினாடித் துண்டுகள் என்றால் உங்கள் கணக்கு 3 வினாடி வரை தவறும்.

இடைவேளை பாரில் ஒரு புள்ளியா, நீளமான பட்டையா என்பதை எக்ஸ்-டைம்லைன்-ஆக்குபைஸ் சொல்லும். எழுதாவிட்டால் புள்ளி.

கடைசியாக, விளம்பர சர்வர் வெறும் பட்டியலைத் திருப்பி அனுப்பும் நாளையும் டெஸ்டில் சேருங்கள். 404 (கேட்டது இல்லை என்ற பதில்) தரும் நாளையும், பதிலே தராமல் இழுத்தடிக்கும் நாளையும்கூட. படம் சத்தமில்லாமல் தொடர வேண்டும். 'விளம்பரம்: 0-இல் 1' என்று எழுதிக் கறுப்புத் திரை காட்டும் ஆப்புகள் இன்றும் இருக்கின்றன.