பூசத்துக்கு அருகில் ஒரு பிளேசர்: ஓஜே 287-ஐ ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது எப்படி?

2015 டிசம்பர் முதல் வாரம். சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் ஊரிலும் வானம் திறக்கவே இல்லை. மொட்டைமாடியில் தார்ப்பாய் சுற்றிக் கிடந்தது என் எட்டு அங்குலத் தொலைநோக்கி. அந்த டிசம்பர் 5-ஆம் தேதிதான் ஓஜே 287 என்ற பிளேசர் பல ஆண்டுகளில் காணாத பொலிவை எட்டியது. வானம் தெளிந்தபோது உச்சம் முடிந்திருந்தது. அடுத்த ஜனவரியில் தொடங்கினேன். அதன்பின் ஒரு பருவத்தையும் விட்டதில்லை. பள்ளியில் முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். இந்த வேலையை மாணவர்களுக்குச் சொல்வது போலவே இங்கும் சொல்கிறேன்.

பிளேசர் என்பது ஒரு விண்மீன்திரளின் மையத்தில் உள்ள பெரும் கருந்துளை. அதிலிருந்து ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் கிளம்பும் தாரை நேரே நம்மை நோக்கி இருக்கும். ரேடியோ முதல் காமா கதிர் வரை எல்லா அலைநீளங்களிலும் அது ஒளிரும்; எல்லாவற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே அலைநீளத்தைப் பார்த்தால் மாறியது என்று மட்டும் தெரியும். எங்கே, எதனால் மாறியது என்பதற்கு மற்றவையும் வேண்டும்.

ஓஜே 287-ஐ நான் தேர்ந்ததற்குக் காரணம், அது நம் தலைக்கு மேல் போகிறது. வான நடுவரையிலிருந்து அதன் விலக்கம் வடக்கு 20 பாகை. எங்கள் ஊரில் உச்சத்தை அடையும்போது தலைக்கு நேர் மேலிருந்து எட்டுப் பாகைதான் வடக்கே. கடக ராசியில் பூசக் கொத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து கிழக்கே மூன்றரைப் பாகை நகர்ந்தால் அந்தப் புலம் வந்துவிடும். படத்தில் சாதாரண விண்மீனைப் போலத்தான் தெரியும். பொலிவெண் (எண் குறையக் குறையப் பொலிவு கூடும்) பெரும்பாலும் 14-க்கும் 15.5-க்கும் நடுவில். அந்த ஒளி புறப்பட்டுச் சுமார் 350 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

தேதிகளைத் திட்டமிட வீட்டுப் பஞ்சாங்கமே போதும். பூசம், ஆயில்யம் என்று போட்டிருக்கும் நாட்களில் நிலா அதன் பக்கத்திலேயே நிற்கும். தைப்பூசத்தன்று முழுநிலவே அங்கே இருக்கும். அன்று முருகன் கோவிலுக்குப் போவதே நல்லது. ஆடிப்பெருக்கு வாக்கில் சூரியன் அதே இடத்துக்கு வருகிறது. அதனால் ஜூன் கடைசி முதல் செப்டம்பர் தொடக்கம் வரை தரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்க்க வழியில்லை. இந்த இடைவெளியை நினைவில் வையுங்கள். பிறகு திரும்ப வருகிறேன்.

முதலில் உங்கள் சொந்த அளவீடு. கருப்பு வெள்ளை சிமாஸ் கேமராவும் ஒரு சிவப்பு ஃபில்டரும் போதும். ஒரு நிமிடப் படங்கள் இருபது எடுத்து அடுக்குகிறேன். டார்க் (மூடி போட்டு எடுக்கும் படம்), ஃபிளாட் (சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம்) திருத்தங்களை ஒருநாளும் தவிர்க்காதீர்கள். பிறகு அதே படத்தில் இருக்கும் ஒப்பீட்டு விண்மீன்களோடு பொலிவை ஒப்பிட வேண்டும். இந்தப் புலத்தில் 4, 10 என்று எண்ணிடப்பட்ட விண்மீன்களைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். 4-ஐ வைத்து பிளேசரை அளக்கிறேன். 10-ஐ வைத்து என்னையே சோதிக்கிறேன். 4-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம் எல்லா இரவுகளிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அது 0.03-க்கு மேல் ஆடினால் அந்த இரவின் அளவீட்டைச் சேர்ப்பதில்லை, பிளேசர் எவ்வளவு அழகாக எழுந்திருந்தாலும்.

ஃபில்டர், ஒப்பீட்டு விண்மீன், படத்தில் விண்மீனைச் சுற்றிப் போட்டு ஒளியை அளக்கும் வட்டத்தின் விட்டம் ஆகிய மூன்றையும் முதல் இரவிலேயே முடிவுசெய்து மாற்றாமல் வைத்திருங்கள். கேமராவை மாற்ற நேர்ந்தால் பழையதையும் புதியதையும் சில வாரங்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அளந்து எழுதிவையுங்கள். பத்தாண்டு வரைபடத்தில் பொய்யான ஒரு படிக்கட்டு நுழைந்துவிட்டால் பின்னாளில் அதை எடுக்க முடியாது.

நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வானியலாளர்கள் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் ஜூலியன் நாள் உலக நேரப்படி நண்பகலில், அதாவது நமக்கு மாலை 5:30-க்கு மாறுகிறது. நம் இரவு முழுவதும் ஒரே எண்ணில் அடங்குவது பெரிய வசதி. ஆனால் செயற்கைக்கோள் தரவுகள் பலவும் திருத்திய ஜூலியன் நாளில் வரும். அது நம் அதிகாலை 5:30-க்கு மாறும்; இரண்டுக்கும் அரை நாள் வேறுபாடு உண்டு. 2017-ல் என் ஒளிவளைவை எக்ஸ் கதிர் வளைவுக்கு மேல் வைத்தபோது ஒளி பன்னிரண்டு மணி நேரம் பிந்தி வருவது போலத் தெரிந்தது. ஒரு வாரம் தூக்கமே இல்லை. அந்த அரை நாளைக் கழிக்க மறந்திருந்தேன். இப்போது ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலும் எந்த நேர முறை என்று எழுதிவிடுகிறேன்.

மற்ற அலைநீளங்களுக்குப் பொதுத் தரவு இருக்கிறது. 2008-ல் ஏவிய ஃபெர்மி விண்தொலைநோக்கி மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முழு வானத்தையும் காமா கதிரில் பார்த்துவிடும். அதன் ஒளிவளைவுக் களஞ்சியத்தில் மூன்று நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று தொகுத்த எண்கள் கிடைக்கும். ஓஜே 287-க்கு ஒரு வாரத் தொகுப்பு பொருந்துகிறது. சில வாரங்களில் அளவு இல்லாமல் மேல்வரம்பு மட்டும் வரும். அதை நீக்காதீர்கள். 'இதைவிட அதிகமில்லை' என்பதும் ஒரு செய்தி. நீக்கினால் வெடிப்புகள் மட்டும் நிறைந்த பொருளாக அது தோன்றும். எக்ஸ் கதிருக்கும் புற ஊதாவுக்கும் ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் இருக்கிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் இணையக் கருவியில் பெயரைக் கொடுத்தால் எக்ஸ் கதிர் வளைவை அதுவே தயாரித்துத் தரும். ரேடியோவில் கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் வேலியில் உள்ள 40 மீட்டர் தொலைநோக்கி 15 கிகாஹெர்ட்ஸில் நீண்ட தொடர் வைத்திருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே கால அச்சில் ஐந்து கட்டங்களாக வரையுங்கள்: காமா மேலே, ரேடியோ கீழே. பொலிவெண்ணைப் பாய்வாக (வந்து சேரும் ஒளியின் அளவாக) மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். ஒரு எண் குறைந்தால் 2.512 மடங்கு அதிக ஒளி. எக்ஸ் கதிரில் கூடுதல் குறைவோடு நிற்காமல் மென்மையான (ஆற்றல் குறைந்த) கதிர் கூடுகிறதா, வன்மையானதா (ஆற்றல் மிகுந்ததா) என்றும் பாருங்கள். ஓஜே 287 பொலிவு கூடும்போது மென்மையாகிறது. ஒளியையும் புற ஊதாவையும் உண்டாக்கும் எலெக்ட்ரான்களின் கதிர்வீச்சு எக்ஸ் கதிர் வரை நீள்வதன் அடையாளம் அது. 2020 ஏப்ரலில் இதைத் தெளிவாகக் கண்டார்கள். ரேடியோ தாமதமாக எழுந்தால் தவறு என்று நினைக்க வேண்டாம். தாரையின் உட்பகுதி அந்த அலைகளுக்கு ஊடுருவ முடியாதது. கலக்கம் வெளியே நகர்ந்து விரிந்த பிறகே அவை தப்பி வருகின்றன.

பருவம், அதாவது ஒரே கால இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் ஏற்ற இறக்கம், தேடுவதில் நிதானம் வேண்டும். வெறும் தற்செயலான ஏற்ற இறக்கமும் இரண்டு மூன்று அலைகளை ஒழுங்காக வரைந்து காட்டும். உங்கள் தரவைப் போலவே விட்டு விட்டு எடுத்த போலி வளைவுகளை ஆயிரக்கணக்கில் கணினியில் உருவாக்கி, அவற்றிலும் அதே 'பருவம்' எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஓஜே 287-ன் பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சியை 1988-ல் பின்லாந்தின் சில்லன்பா குழுவினர் முன்வைத்தபோது, அவர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கண்ணாடித் தட்டுகள் வரை துணை இருந்தன. வேறு எதையோ படம்பிடித்தவர்களின் தட்டுகளில் ஓரமாக விழுந்திருந்த புள்ளிகள் அவை.

இப்போது அந்த ஆடி இடைவெளிக்கு வருகிறேன். இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்ற மாதிரியை வைத்து, மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தினர் உள்ளிட்ட குழு ஒரு வெடிப்பைக் கணித்தது. 2019 ஜூலை 31 அன்று, கணித்த நேரத்துக்குச் சில மணி நேரத்துக்குள் அது வந்தது. பூமியிலிருந்து பார்த்தால் சூரியனுக்குப் பின்னால். பூமியிலிருந்து தொலைவில் இருந்த ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி பார்த்ததால்தான் தெரிந்தது. அடுத்து 2022 அக்டோபரில் எதிர்பார்த்த வெடிப்பு வரவில்லை. ஜெர்மனியின் பான் நகரிலிருந்து வானியலாளர் கோமோசா நடத்தும், ஓஜே 287-ஐக் கண்காணிக்கும் மோமோ திட்டம் ஸ்விஃப்டையும் எஃபல்ஸ்பெர்க் ரேடியோ தொலைநோக்கியையும் கொண்டு இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருந்ததால் 'வரவில்லை' என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. முதன்மைக் கருந்துளை 1800 கோடிச் சூரிய நிறை அல்ல, 10 கோடிதான் என்பது அவர்கள் தரப்பு. மாதிரியை ஆதரிப்பவர்களோ வெடிப்பு முன்கூட்டியே, ஜூலை-ஆகஸ்டில் சூரியன் மறைத்தபோது நடந்துவிட்டது என்கிறார்கள். அந்த அக்டோபரில் எங்கள் ஊரில் மழை விட்ட அதிகாலைகள் ஆறு. ஆறிலும் எடுத்தேன். ஒன்றுமே நடக்காத அந்த ஆறு புள்ளிகள் என் நோட்டில் எனக்கு மிகவும் பிடித்தவை.

ஆகவே ஆடி மாதத்தை ஓய்வாகக் கழிக்காதீர்கள். ஆண்டு முழுவதும் எடுத்த படங்களை அதே வட்டத்தில் மறுபடி அளந்து, ஃபெர்மியின் வாரங்களையும் ரேடியோ எண்களையும் புதுப்பித்து வையுங்கள். அந்த இரண்டும் பெரும்பாலும் அப்போதும் தொடர்கின்றன. செப்டம்பர் நடுவில் அதிகாலை நாலே முக்காலுக்குக் கிழக்கே இருபது பாகை உயரத்தில் அது திரும்பியிருக்கும். படம் கலங்கலாக வரும், பிழைவீச்சு பெரிதாக இருக்கும். பிழைவீச்சோடு சேர்த்தே அந்த முதல் புள்ளியைப் பதியுங்கள்.