செட்டிநாட்டில் கார் எடுக்கும் முன்: பின் சீட்டு பெல்ட், குழந்தை சீட்டு, சாவி

திருச்சி விமான நிலையத்திலிருந்து காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர். அந்தப் பயணத்தில் முன்னால் உட்காருபவர் பெல்ட் போட்டுவிடுவார். மறந்தால் டிரைவரே ஞாபகப்படுத்துவார். சிக்கல் ஊருக்குள் வந்த பிறகுதான். பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இரணியூர், இளையாத்தங்குடி என்று நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) ஒன்பது நகரக் கோயில்களையும் ஒரே நாளில் கும்பிடக் கிளம்பினால், விடிந்ததிலிருந்து காரில் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கும். "இந்தா இருக்கு வைரவன்பட்டி, இதுக்குப் போயி பெல்ட்டா?" என்று ஆயா (பாட்டி) கேட்பார். தூரம் கம்மிதான். ஆனால் எதிரே வரும் பஸ்ஸுக்கு நீங்கள் அடுத்த கோயிலில் இறங்கப்போவது தெரியாது. குறுக்கே ஓடும் ஆட்டுக்கும் தெரியாது.

பின் சீட்டில் இருப்பவரும் பெல்ட் போடவேண்டும் என்பது இந்தியாவில் சட்டம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, போடாவிட்டால் ரூ.1,000 அபராதம். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஓட்டினாலும் அதே தொகை. தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் விபத்தில் இறந்தது பின் சீட்டில் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்து போனபோதுதான். அதற்குப் பிறகும் ஊரில் பழக்கம் பெரிதாக மாறவில்லை. அதற்கு மனசு மட்டும் காரணமில்லை. பல வண்டிகளில் பின் சீட்டு பெல்ட்டைக் கண்ணாலேயே பார்க்க முடியாது.

சீட் கவர் மாட்டும் கடைகளில் ரெக்சினை இழுத்துப் பிடித்து மாட்டும்போது பக்கிள்களை, அதாவது பெல்ட்டைச் செருகும் பூட்டுகளை, உள்ளே தள்ளிவிடுகிறார்கள். சீட்டும் சாய்மானமும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் தட்டுப்படும். வராவிட்டால் அடிச்சீட்டைத் தூக்கவேண்டும். பல கார்களில் அது முன்பக்கம் இரண்டு கிளிப்பில்தான் நிற்கிறது, நேர் மேலே இழுத்தால் விட்டுக்கொடுக்கும். கவரில் பக்கிளுக்கு ஓட்டையே இல்லையென்றால் கவரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். இதையெல்லாம் முதல் நாள் சாயங்காலமே போனில் பேசிவிடுவது நல்லது: "அண்ணே, நாளைக்குப் பின்னாடி உக்கார்றவங்களும் பெல்ட் போடுவாங்க. பக்கிளை எல்லாம் வெளிய எடுத்து வச்சிருங்க." காலையில் வண்டி வாசலில் நின்றபிறகு ஆரம்பித்தால், ராகு காலம் வரப்போகுது என்று வீட்டில் எல்லோரும் அவசரப்படுத்துவார்கள், பெல்ட் அன்றைக்கும் புதைந்தே கிடக்கும்.

வெளியே எடுத்ததும் ஒவ்வொன்றையும் மாட்டிப் பாருங்கள். சில கார்களில் ஓரத்து பெல்ட்டின் நாக்கு நடு பக்கிளில் ஏறாது. எது எதற்கு என்று வீட்டிலேயே தெரிந்துகொண்டால் வழியில் சண்டை இல்லை. பழைய கார்களில் நடு சீட்டுக்கு இடுப்புப் பட்டை மட்டும் இருக்கும். அங்கே எடை குறைந்த பெரியவர் உட்காரலாம். பூஸ்டர் (பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் சீட்டு) வைத்துப் பிள்ளையை உட்காரவைக்கக் கூடாது, பூஸ்டருக்குத் தோள் மேல் வரும் பெல்ட்டும் வேண்டும். இன்னோவா, எர்டிகா மாதிரி வண்டிகளில் மூன்றாவது வரிசை பெல்ட்டுகள் பக்கச் சுவரில் செருகிக் கிடக்கும். பெட்டிகளை அடுக்கும் முன்பே அவற்றை எடுத்து விட்டுவிடவேண்டும்.

பெல்ட் இழுக்கும்போது நடுவில் நின்றுவிட்டால் பலமாக வெட்டி இழுக்காதீர்கள். கொஞ்சம் உள்ளே போகவிட்டு மெதுவாக இழுத்தால் வரும். வேகமாக இழுத்தாலும், வண்டி சரிவில் சாய்ந்து நின்றாலும் பூட்டிக்கொள்வது அதன் வேலை, பழுதல்ல.

இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் படியவேண்டும். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தால் அந்தத் தடித்த மடிப்புக்குக் கீழே பட்டையை இறக்குங்கள். பட்டுச் சேலைக்கும் அதுவேதான், கொசுவத்தின் புடைப்புக்கு மேலே நின்றால் மோதலில் பட்டை வயிற்றுக்குள் அழுத்தும். கர்ப்பிணிகளுக்குப் பட்டை வயிற்றுக்கு அடியில், தோள் பெல்ட் மார்புக்கு நடுவே. கழுத்தில் உரசுகிறது என்று தோள் பெல்ட்டைக் கைக்கு அடியில் விடுவது பெரியவர்களிடம் அதிகம். அப்படி விட்டால் மோதலில் விலா எலும்பு முறியலாம். முன் சீட்டில் என்றால் தூணில் இருக்கும் கொக்கியின் உயரத்தை இறக்கிக் கொடுங்கள், உரசல் நிற்கும்.

பக்கிளுக்குள் பெல்ட் இல்லாமல் ஒரு சின்ன உலோகத் துண்டு செருகியிருந்தால், அது எச்சரிக்கை மணியை ஏமாற்றச் செருகியது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகள் இதை விற்கக் கூடாது என்று உத்தரவிட்டு, 13,118 விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டன. பிடுங்கிப் போட்டுவிடுங்கள்.

முன் சீட்டில் இன்னொரு சங்கடம். டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார், பயணியின் ஏர்பேக் மூடிக்கு நேர்மேலே இருந்தால், ஏர்பேக் விரியும் வேகத்தில் அவர் உங்கள் முகத்துக்குத்தான் வருவார். நடுவில், ஏ.சி. துவாரங்களுக்குக் கீழே நகர்த்தச் சொல்லலாம். மரியாதையாகச் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணையவேண்டும். அணையாமல் நின்றாலோ எரியவே இல்லையென்றாலோ ஏர்பேக்கை நம்பாதீர்கள். ஓட்டுபவர் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் 25 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும்.

குழந்தை சீட்டு வாடகை வண்டியில் இருக்காது என்றே வைத்துக்கொண்டு, கையோடு கொண்டுவாருங்கள். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு தனி விஷயம். அங்குள்ள கார்களில் பயணிகளின் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து விட்டால் அது பூட்டிக்கொண்டு, உள்ளே மட்டுமே போகும். குழந்தை சீட்டு அசையாமல் நிற்பது அதனால்தான். இந்தியக் கார்களில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. பெல்ட் மோதலிலோ வெடுக்கென இழுபட்டாலோ வண்டி சாய்ந்தாலோதான் பூட்டும், மற்ற நேரம் தளர்ந்தே இருக்கும். எனவே குழந்தை சீட்டிலேயே பெல்ட்டைப் பூட்டும் பிடி இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள்; இல்லையென்றால் சீட்டோடு வந்த உலோகப் பூட்டு கிளிப்பை எடுத்து வையுங்கள். அண்மைக்கால மாடல் என்றால் பின் சீட்டின் இரு ஓரங்களிலும் ஐசோஃபிக்ஸ் கம்பி (குழந்தை சீட்டைப் பெல்ட் இல்லாமலே மாட்டும் கொக்கி) இருக்கலாம். சாய்மான இடுக்கில் கைவிட்டுப் பாருங்கள், அதையும் கவர் மூடியிருக்கும். மாட்டி முடித்ததும் பெல்ட் செல்லும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. பின்னோக்கிப் பார்க்கும் சீட்டை ஏர்பேக் உள்ள முன் சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

பின் கதவைத் திறந்தால் அதன் விளிம்பில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதுதான் சைல்டு லாக். பிள்ளைகள் பக்கம் போட்டுவைக்கலாம், பெரியவர்கள் பக்கம் எடுத்துவிடவேண்டும். கோயில் வாசலில் ஐயா உள்ளிருந்து திறக்கமுடியாமல் கதவைத் தட்டிக்கொண்டிருப்பது அநேகமாக இதனால்தான்.

பூட்டிய வீட்டில் நிற்கும் கார்

ஆண்டில் பாதிக்கு மேல் பூட்டியே கிடக்கும் வீட்டில், உறை போட்டு நிறுத்திய சொந்தக் காராக இருந்தால் வேலை இன்னும் அதிகம். முதல் எதிரி எலி. வயரைக் கடிப்பது எல்லோருக்கும் தெரியும், பெல்ட்டையும் கடிக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு பெல்ட்டையும் கடைசிவரை இழுத்து இரண்டு விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் பெல்ட்டை முழுதாக மாற்றவேண்டும். டெய்லரிடம் கொடுத்துத் தைப்பது உதவாது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. பட்டன் (தரையில் படும் வரிகள்) தேயாமலே ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும், ஓடாத வண்டிக்கு அது வழக்கம். காப்பீடும் புகைச் சான்றும் காலாவதியாகியிருக்கவும் வாய்ப்புண்டு.

கார் பேட்டரி இறங்கியிருந்தால் ரிமோட் வேலை செய்யாது. சாவி உறையின் சிறு பொத்தானை அழுத்தி இழுத்தால் உள்ளேயிருந்து உலோகச் சாவி வரும். அதனால் ஓட்டுநர் கதவைத் திறக்கலாம். கார் பேட்டரி சரியாக இருந்தும் சாவி உயிரில்லாமல் இருந்தால், அதற்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். பல சாவிகளுக்கு சி.ஆர். 2032, வாட்ச் கடையில் கிடைக்கும். அதுவரைக்கும் சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்து அழுத்தினால் பல கார்கள் கிளம்பும். கியர் வண்டியென்றால் கிளட்ச்சை மிதிக்கவேண்டும். எதையும் மிதிக்காமல் அழுத்தினால் ரேடியோ மட்டும் பாடும்.

ஓட்டும்போது

லண்டனிலிருந்து வருகிறவர்கள் இண்டிகேட்டருக்குக் கை நீட்டி வைப்பரைப் போடுவார்கள். மாருதி, ஹூண்டாய், டாடா கார்களில் இண்டிகேட்டர் வலது கைப்பக்கம். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவில் இடது. ஆட்டோமேட்டிக் என்று சொல்லிக் கொடுக்கும் சின்னக் கார் ஏ.எம்.டி.யாக (சாதாரண கியர்பெட்டியில் கிளட்ச்சையும் கியரையும் தானே மாற்றுவது) இருந்தால் அதில் பெரும்பாலும் நிறுத்தி வைக்கும் 'பி' நிலையே இருக்காது. நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரில் விட்டு அணைக்கவேண்டும். 'என்'னில் (நியூட்ரலில்) விட்டுப் போனால் சரிவில் தானாக நகரும். வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை மணி அடிக்கும், 120ஐத் தாண்டினால் விடாத சத்தம். 2019 ஜூலைக்குப் பின் வந்த கார்களில் இது கட்டாயம், பழுதென்று மெக்கானிக்கைத் தேடவேண்டாம்.

எதிரே வருகிறவர் லைட்டை அடித்துக் காட்டினால் "நீங்க போங்க" என்று அர்த்தமில்லை. "நான் வர்றேன், நில்லு" என்று அர்த்தம். வெளிநாட்டு வழக்கத்தில் நன்றி சொல்லிக் கொண்டு திரும்பினால் மோதல்தான்.

சாவியை எங்கே வைப்பது என்பதும் யோசிக்கவேண்டியது. கோயிலில் சட்டையைக் கழற்றும்போது பையில் இருக்கும் சாவி போகும். வேட்டி மடியில் செருகினால் குனியும்போது விழும். வேட்டி மேல் கட்டும் பச்சை பெல்ட்டின் பர்ஸில் வைப்பதே வசதி. பொத்தான் அமுங்காதபடி வையுங்கள். சில கார்களில் திறக்கும் பொத்தானைத் தொடர்ந்து அழுத்தினால் கண்ணாடிகள் எல்லாம் இறங்கிவிடும்.

இன்னொன்று, என்ஜின் ஓடும்போது சாவியோடு இறங்கிப் போகாதீர்கள். பொத்தான் ஸ்டார்ட் வண்டியில் எச்சரிக்கைச் சத்தம் வரும், ஆனால் என்ஜின் நிற்காது. அண்ணன் இறங்கி வீட்டுக்குள் போக, தம்பி அப்படியே ஓட்டிக்கொண்டு கிளம்பினால் சாவி கானாடுகாத்தானில், வண்டி தேவகோட்டையில். அங்கே ஒருமுறை அணைத்துவிட்டால் மறுபடி கிளம்பாது. யாராவது சாவியைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியதுதான்.