திரும்பத் திரும்ப வரும் வேலைகளை டூடூயிஸ்டில் அமைப்பது எப்படி?

தினசரி வேலைகள் எப்படியோ நினைவிருந்துவிடும். வாட்டர் ஃபில்டர் மாற்றுவது, சொத்து வரி, அப்பாவின் லைஃப் சர்டிபிகேட் (ஓய்வூதியர் ஆண்டுதோறும் தரும் உயிர்வாழ் சான்று) என்று எப்போதோ ஒருமுறை தலைகாட்டுபவைதான் நழுவும். டூடூயிஸ்ட் என்ற வேலைப்பட்டியல் செயலியில் அவற்றை அமைப்பதற்கு மட்டும்தான் இந்த விளக்கம்.

கூகுள் காலண்டர் போதாதா? என்னைக் கேட்டால், போதாது. வேலையைச் செய்யாமல் விட்டாலும் காலண்டரில் அந்த நாள் சத்தமில்லாமல் போய்விடும். டூடூயிஸ்டில் டிக் அடிக்கும்வரை தேதி சிவப்பாக நின்று உறுத்திக்கொண்டே இருக்கும். ரயில், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போன்றவை காலண்டரிலேயே இருக்கட்டும்.

படி 1: வேலையை எழுதுங்கள்

தலைப்பைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் தேதிச் சொற்கள் செயலிக்குத் தமிழில் புரியாது, ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் உச்சரிப்பை மட்டும் தருகிறேன்.

படி 2: எதிலிருந்து எண்ணுவது?

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். மறுபடி வரும் வேலைகளில் இரண்டு சாதி உண்டு.

ஒன்று, தேதியோடு கட்டுண்டது. சென்னையில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். நீங்கள் போன தடவை எப்போது கட்டினீர்கள் என்பதற்கும் அடுத்த கெடுவுக்கும் சம்பந்தமே இல்லை. இதற்கு 'எவ்ரி 1 ஏப்ரல், 1 அக்டோபர்' என்று தட்டினால் முடிந்தது.

இன்னொன்று, கடைசியாகச் செய்த நாளிலிருந்து எண்ண வேண்டியது. ஃபில்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள், ஜனவரி 1 அன்று மாற்ற வேண்டியதை மார்ச் 1 அன்றுதான் மாற்றினீர்கள் என்று வையுங்கள். 'எவ்ரி 6 மந்த்ஸ்' என்று போட்டிருந்தால் ஜூலை 1 அன்றே மறுபடி நிற்கும். ஃபில்டர் ஓடியதோ நான்கே மாதம்! 'எவ்ரி' என்ற சொல்லை ஒட்டி, இடைவெளி விடாமல் ஓர் ஆச்சரியக்குறி போடுங்கள்: 'எவ்ரி! 6 மந்த்ஸ்'. இப்போது டிக் அடித்த நாளிலிருந்து எண்ணி செப்டம்பர் 1 காட்டும்.

ஒரே ஒரு குறிதான். ஆனால் அது இல்லாததால்தான் பலருடைய பட்டியலில் தேவையில்லாத சிவப்பு சேர்கிறது, அப்புறம் செயலியையே திறக்க மனம் வராது. சந்தேகம் வந்தால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: நான் தாமதித்தால் அடுத்த தேதியும் தள்ளிப்போகலாமா? போகலாம் என்றால் ஆச்சரியக்குறி.

படி 3: கெடுவைப் போடாதீர்கள், தொடங்கும் நாளைப் போடுங்கள்

பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கில் 5-ம் தேதி முதல் மாதக் கடைசி வரை உள்ள குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. ஆகவே 5-ம் தேதிக்குள் பணம் போட்டாக வேண்டும், ஆனால் 5-ம் தேதியையே வைத்தால் சர்வர் படுத்துக்கொள்ளும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள். 1-ம் தேதி வையுங்கள்.

லைஃப் சர்டிபிகேட்டும் அப்படியே. மத்திய அரசு ஓய்வூதியருக்கு அது நவம்பர் வேலை, 80 வயதானவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். ஆதார், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை அதன்கீழ் துணை வேலைகளாகப் போட்டு வைத்தால், அடுத்த ஆண்டு அவை டிக் இல்லாமல் புதிதாக வந்து நிற்கும்.

கரண்ட் பில்லை நான் பட்டியலில் சேர்ப்பதில்லை. எஸ்.எம்.எஸ். தானாக வருகிறது, அதற்கு இன்னொரு நினைவூட்டல் எதற்கு?

பின்சேர்க்கை

"தேதியைத் தள்ளிவைத்தேன், அதன்பிறகு வேலை திரும்ப வரவே இல்லை" என்று சிலர் எழுதியிருந்தார்கள். தேதிப் பெட்டியில் புதுத் தேதியைத் தட்டினால் பழைய 'எவ்ரி' வரி அழிந்துவிடும். கீழே தெரியும் நாட்காட்டியில் நாளைத் தொடுங்கள், அந்த ஒரு தடவை மட்டும் நகரும்.

மாதக் கடைசி வேலைக்கு 31 என்று போடலாமா என்றும் கேட்டார்கள். வேண்டாம். கூகுள் காலண்டரில் அப்படி வைத்தால் 31 இல்லாத மாதங்களைத் தாண்டிப் போய்விடும். டூடூயிஸ்டில் 'எவ்ரி லாஸ்ட் டே' என்று தட்டுங்கள், பிப்ரவரியிலும் சரியாக வரும்.