சிம்ஸ் 4 வீட்டில் குழந்தைக்கு விளையாட்டறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிம்கள் என்ற பாத்திரங்களை வாழவைத்து, அவர்களுக்கு வீடும் கட்டிக் கொடுக்கும் கணினி விளையாட்டு சிம்ஸ் 4. அதில், சாதாரண ஆயுள் அமைப்பில், டொட்லர் பருவம் ஏழு நாள்தான். விளையாட்டின் ஒரு நாள் எங்கள் மணிக்கூட்டில் 24 நிமிடம். வேகத்தைக் கூட்டாமல் விளையாடினால் தத்தித் தத்தி நடக்கும் அந்தப் பருவம் முழுவதும் மூன்று மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். அதில் பெரும்பகுதி தூக்கத்திலும் சாப்பாட்டிலும் போகும். மிஞ்சுகிற நேரத்தில் நடமாட்டம், பேச்சு, கற்பனை, சிந்தனை ஆகிய நான்கும் ஐந்தாம் நிலைக்கு ஏறவேண்டும், பொட்டிப் பழக்கம் (குழந்தைகளுக்கான சிறு கழிப்புச் சட்டியில் இருக்கப் பழகுவது) மூன்றாம் நிலைக்கு வரவேண்டும். எல்லாம் நிறைந்தால் வாழ்நாள் முழுக்கக் கூடவரும் ஒரு குணம் கிடைக்கும், பிறகு பழகும் திறன்கள் வேகமாக ஏறும்.

அதனால் விளையாட்டறை கட்டும்போது நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கவேண்டியிருக்கிறது? அறை படத்தில் எவ்வளவு வடிவாக இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. டொட்லர் நடை மிக மெதுவானது. நீங்கள் வீணாக்கும் ஒவ்வொரு அடியும் அந்த ஏழு நாளிலிருந்துதான் கழிகிறது.

டொட்லர்கள் 2017 ஜனவரியில் இலவச அப்டேட்டாக வந்தார்கள். 2022 ஒக்டோபரிலிருந்து அடிப்படை விளையாட்டும் இலவசம். அதற்குப் பிறகு திருகோணமலையில் இதை விளையாடும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். அவர்கள் கட்டுவதும் பெரும்பாலும் எங்கள் ஊர் வீடுதான்: முன்னால் விறாந்தை, நடுவில் ஹோல், பின்னால் குசினி, அதற்கும் பின்னால் கிணற்றடி. பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் விளையாட்டறைக்கு வந்ததும் அதே கைகள் ஊர் வழக்கத்தை விட்டுவிடுகின்றன. வீட்டின் ஒரு மூலையில் நாலு சுவர், ஒரு கதவு, உள்ளே நிறைய பொம்மை. நான் பார்க்கும் தவறுகளில் மிகப் பெரியது இதுதான்.

டொட்லருக்குப் பசி, தூக்கம், சுத்தம், கழிப்பு, பொழுதுபோக்கு ஆகியவற்றோடு 'கவனிப்பு' என்றும் ஒரு தேவை இருக்கிறது. அதை எந்தப் பொம்மையும் நிரப்பாது. ஆள் வேண்டும். பேச்சுத் திறனும் யாராவது கூடக் கதைத்தால்தான் நன்றாக ஏறும். அடைத்த அறையில் விட்ட பிள்ளை கொஞ்ச நேரம் விளையாடும், பிறகு கவனிப்பு இறங்கியதும் பொம்மையைப் போட்டுவிட்டு அம்மாவைத் தேடி வெளிக்கிடும். குசினி மறு கோடியில் இருந்தால் அங்கு போய்ச் சேரவே நேரம் போய்விடும். அம்மா சமைத்து முடித்து வேறு அறைக்குப் போயிருந்தால் திரும்பவும் நடை.

எங்கள் வீடுகளில் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்? அம்மம்மா பாய் போட்டு இருக்கும் ஹோலில், அல்லது காற்று வரும் விறாந்தையில். அதையே விளையாட்டிலும் செய்யுங்கள். ஹோலின் குசினிப் பக்கத்து மூலையில் ஒரு விரிப்பைப் போட்டு அதையே விளையாட்டிடமாக்குங்கள். சுவர் வேண்டாம். அடைப்பு வேண்டுமென்றால் கட்டை வேலி போதும், ஆனால் அதில் கேற் வையுங்கள். கேற் இல்லாமல் நாலு பக்கமும் வேலி அடித்தால் பிள்ளை வெளியே வராது என்பது சரி. பெரியவர்களும் உள்ளே போகமாட்டார்கள். தூக்க முடியாது, சாப்பாடு கொடுக்க முடியாது. பிள்ளை பட்டினியின் எல்லைக்குப் போனால் சமூக சேவை அலுவலர் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்.

அடுத்தது பொருட்களை நெருக்கி வைப்பது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி தன் லப்டொப்பைக் கொண்டுவந்து காட்டினாள். "அக்கா, என்ட பிள்ளை கட்டிலால எழும்பி நிண்டு கத்துது, இறங்குதில்ல." அறையைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. டச்சுக்குடாவின் காலை நீலத்தில் சுவர், கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களை நினைவூட்ட ஒரு மான் படம், கட்டிலைச் சுற்றி வடிவான குட்டிச் சாமான்கள். எல்லாம் 'பிபி.மூவ்ஒப்ஜெக்ட்ஸ்' என்ற சீட் (விளையாட்டின் விதியை மீறவிடும் கட்டளை) போட்டு ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியவை. அந்த சீட் பொருட்களை எங்கும் வைக்க விடும். ஆனால் சிம்கள் நடக்க வேண்டிய கட்டங்களை அது திறந்து கொடுக்காது. தரையில் வைத்த ஒரு சிறிய கரடிப் பொம்மைகூட, அது வெறும் அலங்காரமாக இருந்தாலும், வழியை மறிக்கும். பிள்ளை இறங்க இடமில்லாமல் கையை ஆட்டி முறைப்பாடு செய்துகொண்டிருந்தது. கட்டிலின் ஒரு பக்கத்தை முழுதாக வெறுமையாக்கியதும் இறங்கி ஓடிவிட்டது.

அழகு வேண்டுமென்றால் வழியை மறிக்காத இடங்களில் அள்ளிக் கொட்டுங்கள். சுவர்ப் படம், கூரையில் தொங்குவது, தரை விரிப்பு இவை எதுவும் நடையைத் தடுக்காது. பொம்மை வீடு, பொம்மைப் பெட்டி, கட்டில், உயரக் கதிரை ஒவ்வொன்றின் முன்னாலும் குறைந்தது ஒரு முழுக் கட்டம் வெறுமையாக இருக்கட்டும். பிள்ளையைத் தூக்க வருகிற பெரியவருக்கும் நிற்க இடம் வேண்டும் என்பதை மறக்கவேண்டாம். சதுர அடைப்பு விசைகளால் பொருளைப் பெருப்பிப்பதும் சிறுப்பிப்பதும் அலங்காரச் சாமான்களோடு நிற்கட்டும். பிள்ளை தொட்டு விளையாடும் பொருளில் அதைச் செய்தால் கை ஒரு பக்கம், பொம்மை ஒரு பக்கமாக இருக்கும்.

கழிப்பும் குளிப்பும் பலர் கடைசியில் நினைப்பவை. விடிய எழும்பும் டொட்லருக்குக் கழிப்புத் தேவை ஏற்கெனவே சிவப்பில் இருக்கலாம். பொட்டி வீட்டின் பின்பக்கம் இருந்தால், கைகளை விரித்துக்கொண்டு ஹோலைக் கடந்து, குசினி வாசலில் ஒரு கணம் நின்று, அங்கேயே நனைத்துவிடும். பிறகு அந்த ஈரத்தில் காலால் அடித்து விளையாடத் தொடங்கும். சுத்தமும் போச்சு, நேரமும் போச்சு. பொட்டியைக் கட்டிலிலிருந்து நாலைந்து அடிக்குள் வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அது எடுத்து நகர்த்தும் சாமான்தான். குளிப்பாட்டத் தொட்டி கட்டாயம் வேண்டும், சவர் மட்டும் இருந்தால் அடிப்படை விளையாட்டில் டொட்லரைக் கழுவ முடியாது. எங்கள் பழைய வீடுகளைப்போல குளிக்கும் இடத்தை வளவின் கோடியில் கட்டுபவர்கள் உள்ளுக்குள் ஒரு சிறிய குளியலறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் கதவைப் பூட்டக்கூடியதாக வையுங்கள், டொட்லர்கள் டொய்லட் தண்ணீரில் கையை விட்டு விளையாடுவார்கள்.

பொம்மை வாங்கும்போது பெயரை நம்பவேண்டாம். பட்டியலில் அதன்மேல் மவுஸை வைத்தால் எந்தத் தேவையை நிரப்பும், எந்தத் திறனை ஏற்றும் என்று காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் அது வெறும் அலங்காரம். சிந்தனைக்கு டொட்லர் டப்லெட், கற்பனைக்குப் பொம்மை வீடு, நடமாட்டத்துக்கு ஆட ஒரு ஸ்டீரியோ. தொடக்கத்துக்கு இவ்வளவும் காணும். 'மதர்லோட்' என்ற காசு சீட்டைப் போட்டு 50,000 சிமோலியன் (விளையாட்டின் காசு) எடுத்து அறையை நிரப்பினால் பிள்ளை ஒன்றிலும் நிலைத்து நிற்காமல் பொம்மைக்குப் பொம்மை தாவும். ஸ்டீரியோவைக் கட்டிலருகில் வைக்கவேண்டாம், யாராவது இரவில் போட்டால் தூக்கம் கலைந்துவிடும். பந்துக் குளமும் சறுக்கும் 2017 ஓகஸ்டில் வந்த டொட்லர் ஸ்டஃப் என்ற மேலதிகப் பொதியில் இருக்கின்றன. இரண்டுமே நிறைய இடம் பிடிக்கும், சிறிய வீட்டில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்.

படிகளைப் பற்றியும் ஒரு சொல். நிலாவெளிக் கரைபோல வேண்டும் என்று 2019இல் வந்த ஐலண்ட் லிவிங் பொதியின் சுலானி என்ற தீவுலகத்தைத் தேர்பவர்கள் பலர். அங்கே தண்ணீருக்கு மேல் தூண்களில் வீடு கட்டுவது கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் டொட்லர் படியில் ஏறுவதும் இறங்குவதும் மிக மெதுவாக, ஏணியில் ஏறவே ஏறாது. பிள்ளையின் கட்டில், பொட்டி, சாப்பாடு, விளையாட்டு நான்கையும் ஒரே தளத்தில் வைத்துவிட்டு, மேல்மாடியைப் பெரியவர்களுக்குக் கொடுங்கள். சீசன்ஸ் பொதி இருந்தால் மழையும் வரும், அதனால் முற்றத்தில் மட்டும் விளையாட்டிடம் அமைத்தால் போதாது. கூரை போட்ட விறாந்தை அதற்குத்தான்.

கட்டி முடிந்ததும் லைவ் மோடுக்கு (சிம்கள் நடமாடும் பகுதிக்கு) போய், பிள்ளை எழும்பியது முதல் முதலாவது சாப்பாடு வரை எதையும் சொடுக்காமல் பாருங்கள். எங்கே நிற்கிறது, எங்கே சுற்றிப் போகிறது என்று தெரிந்துவிடும். அங்கே ஒரு கதிரையையோ செடியையோ நகர்த்துங்கள். பிள்ளை டொட்லர் பருவத்தைத் தாண்டும் பிறந்தநாள் வருவதற்கு முன் அந்த அறையை மட்டும் தெரிவுசெய்து உங்கள் லைப்ரரியில் சேமித்துவிடுங்கள். அடுத்த பிள்ளை பிறக்கும்போது, அல்லது வேறு குடும்பம் தொடங்கும்போது, அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.