பிரான்வென் கதையைச் சுருக்குகிறவர்களுக்கு

வேல்ஸ் நாட்டின் மாபினோகியன் கதைகளைத் தமிழில் சொல்லிப் பார்த்தவர்கள் அவ்வப்போது எழுதியதை அனுப்புவார்கள். பெயர் உச்சரிப்புப் பிசகுகள் பழகினால் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். எல்லாரும் வழுக்கி விழும், நானும் ஒருகாலத்தில் விழுந்த, இடங்களை மட்டும் சொல்கிறேன்.

11 கதைகளையும் ஒரே காப்பியமாக நினைப்பது

இவற்றை எழுதியவர் ஒருவரல்ல, காலமும் ஒன்றல்ல. சுமார் 1350-ல் எழுதப்பட்ட ரைடர்க்கின் வெள்ளைப் புத்தகம், அதற்குச் சில பத்தாண்டுகள் பிந்திய ஹெர்கெஸ்டின் சிவப்புப் புத்தகம் என்ற இரண்டு கையெழுத்துச் சுவடிகளே இவற்றைக் காப்பாற்றித் தந்தன. ஒன்றோடொன்று கோத்து வருபவை 'நான்கு கிளைகள்' எனப்படும் நான்கு கதைகள் மட்டுமே.

குதிரைகளைத் தாண்டிப் போவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். இரண்டாம் கிளையில், அயர்லாந்து மன்னன் மாத்தோலுக் பிரான்வெனை மணக்கிறான். 'என்னைக் கேட்காமல் என் சகோதரியைக் கொடுத்தார்களா?' என்று கொதித்த எவ்னிஸ்யென், மாப்பிள்ளை வீட்டார் குதிரைகளின் உதட்டைப் பல்வரைக்கும், காதைத் தலையோடும் அறுக்கிறான். என்னிடம் வந்த ஒரு பிரதியில் இது 'குதிரைகளைக் காயப்படுத்தினான்' என்று ஒரே வரியாகிவிட்டது. அடுத்து வரும் ஈடு, அதாவது அந்த அவமானத்துக்கான நஷ்டஈடு, அடியோடு காணோம்! செத்தவனைப் பிழைக்கவைக்கும் மந்திரக் கொப்பரைக்கு மட்டும் இரண்டு பக்கம்.

அந்தக் கொப்பரையே ஈடாகக் கொடுத்ததுதான். கெட்ட ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு நல்ல குதிரை, மன்னன் உயரத்துக்கு ஒரு வெள்ளிக் கோல், அவன் முகத்தின் அகலத்துக்கு ஒரு பொன் தட்டு. அப்படியும் அவன் முகம் தெளியாததால்தான் பிரான்வெனின் அண்ணன் பிரான் கொப்பரையையும் தருகிறான். முகத்தளவு பொன் தட்டு கதைக்காரரின் கற்பனையல்ல. அரசனின் மானத்துக்கு விலையாக வேல்ஸின் பழைய சட்டநூல்களே அதைச் சொல்கின்றன.

இத்தனை கொடுத்தும் அவமானம் ஆறவில்லை. இரண்டாம் ஆண்டில் அயர்லாந்தில் முணுமுணுப்பு கிளம்புகிறது. பிரான்வெனைச் சமையல்கட்டுக்குத் தள்ளுகிறார்கள், இறைச்சி வெட்டுகிறவன் தினமும் வந்து கன்னத்தில் அறைகிறான். மூன்று வருடம். மாவு பிசையும் தொட்டியின் விளிம்பில் ஒரு மைனாவை வளர்த்து, அதன் சிறகடியில் கடிதம் கட்டி அண்ணனுக்கு அனுப்புகிறாள். பிறகு போர். அதே கொப்பரையில் செத்த ஐரிஷ் வீரர்கள் பேச்சிழந்து எழுந்து வந்து சண்டையிடுகிறார்கள். பிரானின் படையில் உயிர் தப்பியவர்கள் ஏழே பேர். குதிரைகளையும் ஈட்டையும் எடுத்துவிட்டால் அவள் ஏன் அடி வாங்குகிறாள் என்பதற்குக் கதையில் காரணமே மிஞ்சாது.

ரியானனை வெறும் குதிரைத் தேவதையாக்குவது

முதல் கிளையில் வரும் அரசி ரியானன். அந்தத் தொன்மத் தொடர்பு இருக்கலாம். ஆனால் பிள்ளையைக் கொன்றாள் என்ற பொய்ப்பழியோடு, ஆர்பெர்த் அரண்மனை வாசலில் குதிரை ஏறும் கல்லருகே உட்கார்ந்து, வருவோரிடம் அந்தப் பழியைத் தன் வாயாலேயே சொல்லி, 'முதுகில் சுமந்து போகட்டுமா?' என்று கேட்கிறாளே, அதை முதலில் எழுதுங்கள்.

ஆர்தரைத் தேடுவது

நான்கு கிளைகளில் ஆர்தர் மன்னர் இல்லை. அவர் வேண்டுமென்றால் அதே 11-ல் உள்ள கில்ஹூக் கதைக்குப் போங்கள்.