பள்ளிக்கரணையில் முதல் பறவை நடை: கூட்டிப்போகிறவருக்கான செய்முறை

தனியாகப் பறவை பார்த்துப் பழகியவர்கள், முதல் தடவையாக ஒரு கூட்டத்தைக் கூட்டிப்போய்க் காட்டப்போகிறீர்கள் என்றால் இது உங்களுக்கு. இடம் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், காலம் பங்குனிக் கடைசி, சித்திரைத் தொடக்கம். "சீசன்தான் முடிஞ்சிடுச்சே" என்று யாராவது சொல்வார்கள். வாத்துகளில் பெரும்பகுதி வடக்கே கிளம்பியிருக்கும், வாஸ்தவம்தான். ஆனால் தண்ணீர் வற்ற வற்ற மிச்சமிருப்பவை சேற்றோரத்துக்கு ஒதுங்கி வரும், கொக்குகளுக்கு இனப்பெருக்க நிறம் ஏறும். புதியவர்களுக்கு டிசம்பரைவிட இதுதான் நல்ல நேரம் என்பது என் கட்சி.

1. நேரமும் வழியும்

காலை 6 மணிக்குத் தொடங்கி 8.30க்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் கானல் ஆடும். தூரத்தில் நிற்பது எதுவும் தெளியாது. பள்ளிக்கரணை காப்புக்காடு, 2022 முதல் ராம்சார் தளமும்கூட, அதாவது உலக முக்கியத்துவம் உள்ளது என்று சர்வதேச ஒப்பந்தத்தில் பட்டியலிட்ட ஈரநிலம். உள்ளே இறங்க முடியாது. சாலையோரமும் வனத்துறையின் சூழல் பூங்காவும்தான் நமக்கு. பூங்கா திறக்கும் நேரத்தை முந்தின நாளே விசாரித்துவிடுங்கள்.

ரேடியல் ரோட்டில் துரைப்பாக்கம் பக்கமிருந்து பல்லாவரம் பக்கமாக நடங்கள். வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் தெரியும். எதிர்த்திசையில் வந்தால் எல்லாமே கறுப்பு உருவம்தான். நடைபாதையை விட்டு ஒருவரும் இறங்கக் கூடாது, லாரிகள் அப்படிப் போகும். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள்.

2. கருவி

8 × 42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.), இரண்டு பேருக்கு ஒன்று. 10 மடங்கு வேண்டாம்: பார்வைப் பரப்பு குறுகும், கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். கண்ணாடி போட்டவர்கள் கண் வளையத்தை உள்ளே தள்ளிக்கொள்ளட்டும். பச்சைச் சட்டை, பழுப்புச் சட்டை என்று அலைய வேண்டியதில்லை. அந்த ரோட்டுப் பறவைகள் நாள் முழுக்கப் பேருந்தைப் பார்ப்பவை. தொப்பியும் தண்ணீரும் முக்கியம்.

3. "அதோ" என்று சொல்லாமல் காட்டுவது

என்னை ரொம்ப நாள் படுத்திய இடம் இது. பறவையின் பெயர் தெரிவது பெரிய விஷயமில்லை. அதே பறவையைப் பன்னிரண்டு பேரும் பார்க்க வைப்பதுதான் வேலை. "அதோ, அந்தக் கோரைக்குப் பக்கத்துல" என்பீர்கள். சதுப்பு முழுக்கக் கோரைதான். மரத்தில் உட்கார்ந்த பறவைக்கு "இரண்டு மணித் திசையில்" என்று கடிகாரக் கணக்குச் சொல்லலாம். சமதளத்தில் அது எடுபடாது.

போய் நின்றதும், பறவையைத் தேடும் முன்பே, அசையாத மூன்று அடையாளங்களை எல்லோரையும் பார்க்கச் சொல்லுங்கள். மின்கோபுரம், ஒரு தனி மரம், திறந்த தண்ணீர் தொடங்கும் விளிம்பு. ஆளாளுக்குக் கைநீட்டிக் காட்டட்டும், எல்லாக் கையும் ஒரே பக்கம் போகிறதா என்று பாருங்கள். பிறகு எப்போதும் இதே வரிசையில் சொல்லுங்கள்: அடையாளம், அங்கிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு கிட்டே, பறவை என்ன செய்கிறது. "கோபுரத்தோட இடது கால். அதுக்கு நேர் கீழே தண்ணி ஓரம். அங்கேருந்து வலப்பக்கம் ரெண்டாவது கோரைத் திட்டு. அதுக்கு முன்னாடி குனிஞ்சு மேயுது, நீலம்." பெயரைக் கடைசியில் சொன்னால் போதும்: நீலத் தாழைக்கோழி.

முதலில் வெறுங்கண்ணால் அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். கண்ணை அங்கேயே வைத்துக்கொண்டு பைனாகுலரைக் கண்ணுக்குத் தூக்க வேண்டும். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்தது. இந்தப் பழக்கத்தை அசையாமல் நிற்கும் சாம்பல் நாரையையோ கூழைக்கடாவையோ வைத்துச் சொல்லிக்கொடுங்கள். மீன்கொத்தியில் தொடங்கினால் பாதிப் பேர் வெறும் வானத்தைத்தான் பார்ப்பார்கள்.

4. நிறம் மாறியவை, கூடு கட்டியவை

மடையான் இப்போது குழப்பும். பழுப்புக் கோடுகளோடு ஒன்று நிற்கும், பக்கத்திலேயே முதுகு முழுக்க அரக்குச் சிவப்பாக இன்னொன்று. இரண்டும் ஒரே இனம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள், பறக்கும் வரை காத்திருங்கள். இரண்டுக்கும் சிறகு பளீரென்று வெள்ளை. உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சாகியிருக்கும். மீசை ஆலாக்களில் சிலவற்றுக்கு வயிறு கறுக்கத் தொடங்கியிருக்கும்.

ஆட்காட்டி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் படம் எடுக்க நிற்காதீர்கள், வந்த வழியே பின்னால் நகருங்கள். அது வெறும் சரளைத் தரையில் முட்டையிடும், முட்டையும் கல் நிறம்தான். நெடுங்கால் உள்ளானும் தரையில்தான் கூடு வைக்கும். செல்போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைக்கும் ஆசாமி குழுவில் இருந்தால் கிளம்பும்போதே கண்டித்துவிடுங்கள்.

5. எண்ணிக்கை

பார்த்த பறவைகளைப் பதியும் இ-பேர்ட் செயலியில் ஒருவர் மட்டும் பட்டியல் போடட்டும், மற்றவர்கள் கண்டதை அவரிடம் சொல்லட்டும். பூநாரைக் கூட்டம் என்றால் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் வைத்து, அதை அளவாகக் கொண்டு கூட்டத்தை நகர்த்தி எண்ணுங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு நடை நடத்தியவர்கள் எழுதியதில் இரண்டு விஷயம் நான் யோசிக்காதவை. ஒன்று, கழிப்பறை. சாலையோரம் எதுவும் கிடையாது, பெண்கள் அதனாலேயே தண்ணீர் குடிக்காமல் வந்திருக்கிறார்கள். கழிப்பறை உள்ள இடத்தில் தொடங்கி அங்கேயே முடிப்பதுபோல வழியைப் போடுங்கள், அழைப்பிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, மெர்லின் செயலியின் குரல் அறியும் வசதி ரேடியல் ரோட்டு இரைச்சலில் தடுமாறுகிறது. பூங்காவுக்குள் போனபின் போடுங்கள், அது சொல்லும் பெயரைக் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

பட்டியலைப் பகிர்வது பற்றியும் பலர் கேட்டிருந்தார்கள். அனுப்பிய பிறகு உடன் வந்தவர்களோடு அதைப் பகிரலாம், அவரவர் கணக்கில் அவரவர் பார்க்காததை நீக்கிக்கொள்ளலாம். பாதி வழியில் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டால் மட்டும் அந்த இடத்தோடு பட்டியலை முடித்துவிட்டு, இரு குழுவும் தனித்தனியாகப் புதிதாகத் தொடங்க வேண்டும்.