புது வீட்டு ஹீட்டிங்கில் என்ன இருக்கிறது, எவ்வளவு காலம் இருக்கும்?

குளிர் நாட்டில் வீடு பார்க்கப் போகும்போது "ஹீட்டிங் வேலை செய்கிறதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். கூடவே "எந்தப் பாகம் எப்போது போட்டது?" என்றும் கேட்டு வையுங்கள். வீட்டைச் சூடாக்குவது ஒரே ஒரு இயந்திரம் இல்லை. வெவ்வேறு காலத்தில் வந்து சேர்ந்த இரும்பு, செம்பு, பித்தளை, பிளாஸ்டிக் எல்லாம் அதில் உண்டு. தண்ணீரைச் சூடாக்கும் பாய்லர் பொதுவாக 15 முதல் 20 ஆண்டு உழைக்கும். அந்தச் சுடுதண்ணீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டரோ 50 ஆண்டு தாண்டியும் நிற்கும், இரண்டு மூன்று பாய்லர்களை வழியனுப்பிவிட்டு. அதனால் பாய்லர் புதிது என்றதும் எல்லாமே புதிது என்று நினைத்துவிடாதீர்கள்.

பெரும்பாலான வீடுகளில் ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடுவது வெளியோடு தொடர்பில்லாத மூடிய சுற்றில். அதே தண்ணீர்தான் வருஷக்கணக்கில் சுற்றும். புதுத் தண்ணீர் விடும்போதெல்லாம் அதில் கரைந்த ஆக்சிஜனும் உள்ளே போய் இரும்பை அரிக்கும். அரித்தது கருஞ்சேறாக ரேடியேட்டரின் அடியில் தங்கும். தொட்டுப் பார்த்தாலே தெரியும்: மேலே சூடு, அடியில் குளிர்ச்சி என்றால் சேறு, அடியில் சூடு, மேலே குளிர்ச்சி என்றால் காற்று. காற்றை நீங்களே எடுக்கலாம். ஹீட்டிங்கை நிறுத்தி, ஆறியதும், மேல் ஓரத்துத் திருகைச் சின்னச் சாவியால் லேசாகத் திருப்புங்கள். உஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடுங்கள். கீழே பழைய துணி வையுங்கள், வருவது கறுப்பாக இருக்கும். அப்புறம் அழுத்தமானியைப் பாருங்கள். ஆறிய நிலையில் முள் 1 முதல் 1.5 பாருக்குள் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நிற்பது வழக்கம். அது அடிக்கடி இறங்கினால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்காமல், எங்கே கசிகிறது என்று பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரருக்கு எழுதிப் போடுங்கள்.

பாய்லரை எடுத்துவிட்டு, வெளியே இருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப் வைக்கும் யோசனை இருக்கிறதா? பழைய ரேடியேட்டர்கள் பெரும்பாலும் 70, 80 டிகிரித் தண்ணீருக்குக் கணக்குப் போட்டவை. ஹீட் பம்ப் 35 முதல் 55 டிகிரியில்தான் சிக்கனமாக ஓடும். ஆகவே சில அறைகளுக்குப் பெரிய ரேடியேட்டரோ தரைக்கடியில் குழாயோ தேவைப்படலாம். எந்தெந்த அறைக்கு என்று வெப்ப இழப்பைக் கணக்கிட்டுச் சொல்பவரிடமே வேலையைக் கொடுங்கள். எல்லாவற்றையும் பிடுங்கிப் போடச் சொல்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். நன்றாக இருக்கும் குழாயைச் செய்ய ஏற்கெனவே உலோகமும் எரிபொருளும் செலவாகிவிட்டன.

கழற்றிய செம்புக்கும் பித்தளைக்கும் பழைய உலோகச் சந்தையில் நல்ல விலை உண்டு. அவை யாருக்குப் போகும் என்பதை முன்பே பேசி, மதிப்பீட்டில் எழுதி வாங்குங்கள். ஹீட் பம்புக்குள் வெப்பத்தைச் சுமந்து சுற்றும் குளிர்பதன வாயு விஷயம் வேறு. ஆர்-410ஏ போன்றவை வெளியேறினால், அதே எடை கரியமில வாயுவைவிடப் பூமியை 2,000 மடங்குக்கு மேல் சூடாக்கும். பயிற்சி பெற்றவர்தான் அதை உறிஞ்சி எடுக்க வேண்டும்.

பழைய கட்டடத்தில் குழாயைச் சுற்றி வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ பூச்சு உதிர்ந்திருந்தால் கை வைக்காதீர்கள். கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், முதலில் பரிசோதனை, பிறகுதான் மற்ற வேலை.